இசைத்தட்டு ஏற்ற வண்டி வராது

என்னங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. நேற்று என்மேல் கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தது போதும். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

பத்து மணிக்கு இசைக் கல்லூரி வண்டி வரும் என்று சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். அது வராது. நேற்றுச் சாயங்காலமே அந்த நூலகர் போன் செய்துவிட்டார். "ஏழாயிரம் தட்டுல நாப்பதுதாம்மா எங்களுக்கு வேணும். மத்ததெல்லாம் எங்க பார்த்தாலும் கிடைக்கும். பழைய சாமான் கடையில போட்டுடுங்க" என்றார்.

ராத்திரி கடைசிப் பெட்டியைக் கட்டிவிட்டு "இப்ப உனக்கு நிம்மதிதானே?" என்று கேட்டீர்களே, நான் போய்ப் படுத்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

முப்பது வருஷமாக அதையெல்லாம் குப்பை குப்பை என்று உங்கள் உயிரை எடுத்தவள் நான்தான். ஆனால் அந்த ஆள் சொன்னதும் சுருக்கென்றது. "எடுத்தா மொத்தமா எடுங்க. இல்லன்னா வண்டியே அனுப்பாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். திட்டுவதானால் சாயங்காலம் திட்டுங்கள், இப்போது எனக்குத் தெம்பில்லை.

கட்டி வைத்த பெட்டிகளைத் தனியாகத் தூக்காதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் வந்ததும் சேர்ந்து அவிழ்த்து அடுக்கலாம்.

குளியலறை வழியில் இருக்கிற பெட்டியில் காலையிலேயே இடித்துக்கொண்டேன். பார்த்து நடங்கள்.

அந்த நாற்பது எது எது என்று கேட்பீர்கள். அவர் பட்டியலைப் படிக்கத்தான் ஆரம்பித்தார். நான் காதில் வாங்கவில்லை.