பேசாத கூண்டு

அன்பு மகளுக்கு அப்பா, உன் தம்பி பெண்டாட்டி கையால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். ஒரு வார்த்தை விடாதே என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன், "மாமா, பாதிக்கு மேல சொன்னதையே சொல்றீங்க" என்று அலுத்துக்கொள்கிறாள்.

பெரிய சந்தை எரிந்து, சர்க்கரைக்கு வரிசையில் நின்று, நீ சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய வருஷம் அது. துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரில் ஐந்து காவல் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு ஆள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் மேலே அதிகாரி அறையில் ஒன்றும் புரியாது. "ஒரே பாட்டை அஞ்சு பேரும் பாடாதீங்கய்யா, பக்கத்துக் கூண்டுல சொன்னதே உனக்கும்னா வாயை மூடிக்கிட்டு இரு, மாறினா மட்டும் பேசு" என்றார் அதிகாரி. வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கியது. முதல் கூண்டிலிருந்து நான் கடல் காலி என்றேன். அடுத்த கூண்டில் பூனைக்கண்ணன் பேசவில்லை, அவனுக்கும் காலி. நடுக்கூண்டில் பாட்டுக்காரனும் பேசவில்லை, அவனுக்கும் காலி என்று மேலே குறித்துக்கொண்டார்கள். அவன் கண்ணுக்கு மட்டும் தெரியக்கூடிய இடத்தில் ஒரு பயணிகள் படகு நேராக வந்து சுவரில் மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாட்டுக்காரன் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், உடம்பு எப்போதோ சில்லிட்டுவிட்டது.

இப்போது அதே துறைமுகத்தில் உன் கம்பெனியில் நீங்கள் செய்த ராடாரை ஏற்றிவிட்டார்கள், பலகை முழுக்கச் சின்னச் சின்ன ஆன்டெனா. திங்கட்கிழமையிலிருந்து மூடுபனியிலும் அதை நம்பி வழிகாட்டிப் படகை எடுக்கச் சொல்லி உன் தம்பிக்கு உத்தரவு. எல்லா ஆன்டெனாவும் கேட்டதையெல்லாம் அனுப்பினால் கம்பி தாங்காது, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்கும், அதனால் ஒன்றை முழுசாக அனுப்பி, மற்றதில் வித்தியாசத்தை மட்டும் அனுப்பிச் சுருக்குகிறோம் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் ஒன்று செத்துப்போனால், வித்தியாசம் இல்லை என்று மிஷின் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். படித்தவள், இதெல்லாம் யோசித்திருப்பாய் என்று நினைத்துத்தான் கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "மாத்திரை போட்டீங்களாப்பா" என்றாய். உன் தம்பியிடம் சொன்னால், "அக்கா ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்ப்பா" என்று சிரிக்கிறான்.

மாத்திரை போட்டேன். குளிரில் காதைக் கட்டிக்கொள், நல்லபடியாக, நீண்ட ஆயுசோடு இரு. திங்களுக்கு முன்னால் போன் செய், சரியாக இருக்கிறது என்றாலும் வாயைத் திறந்து சொல். பூனைக்கண்ணனும் போன வாரம் போய்விட்டான்.

இப்படிக்கு,
ஐந்து கூண்டில் மிச்சமிருக்கும் ஒருவன்,
உன் அப்பா.