இனிமேல் அப்பாவுக்குப் பார்சல் வேண்டாம்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கே நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன், உன் அப்பாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், காரணம் நான். போனில் சொன்னால் நீ சிரித்துப் பேசி என்னைக் கவிழ்த்துவிடுவாய், அவரும் பக்கத்தில் இருந்து கண்ஜாடை காட்டுவார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ அங்கிருந்து போனில் அழுத்த, இங்கே பொரித்த கோழியும் பர்கரும் பெரிய கோலா பாட்டிலும் வாசலுக்கு வருகிறதாமே. நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த மனுஷனுக்கு! வாரத்துல ஒரு நாள் சாப்பிடலாம்னு டாக்டரே சொல்லிட்டார் என்று உன்னிடம் நன்றாக அளந்திருக்கிறார். எண்ணெயில் பொரித்ததும் இனிப்புத் தண்ணீரும் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், பக்கத்து நாற்காலியில் நான் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேனே. நான் கீழே தையல் கடைக்கு இறங்கும் நேரம் பார்த்துப் பார்சலை வாங்கியிருக்கிறார். போன வாரம் மறந்துவிட்டுப் போன கத்தரிக்கோலை எடுக்க மேலே வந்தேன், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அப்படியே திருப்பி அனுப்பியாயிற்று. அப்படி என்னய்யா ருசி என்று கேட்டேன். ருசி என்ன ருசி, அந்தக் கோலாவைக் குடிச்சா நெஞ்செல்லாம் எரியுது, புள்ள ஆசையா அனுப்புறான், வேணாம்னு எப்படிச் சொல்றது என்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அவர் சந்தோஷப்படுவார் என்று நீ அனுப்புகிறாய், நீ சந்தோஷப்படுவாய் என்று அவர் தின்கிறார், நடுவில் பயந்து சாகிறவள் நான். இனி எது வந்தாலும் வாசலோடு திரும்பும், சொல்லிவிட்டேன். அப்பாமேல் பாசம் இருந்தால் அந்த நேரத்துக்குப் போன் போடு, உன்னோடு பேசிக்கொண்டே தெருமுனை வரை நடக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோவில் நீ பேசும்போது உன் பின்னால் மேசைமேல் அதே அட்டைப்பெட்டிகள், அதே கோலா பாட்டில். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தாயா? வேலை அதிகம், சமைக்க நேரமில்லை என்பாய். உன் தாத்தா போனதும் நெஞ்சுவலியில்தான். உன் வயதில் உன் அப்பாவும் எனக்கென்ன என்றுதான் திரிந்தார். இது உங்க குடும்பத்துல ஓடுது, பையனையும் இப்பவே போய் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க என்று டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அப்பா அன்று சமையலறையில் சாய்ந்தபோது தாங்கிப் பிடிக்க நான் இருந்தேன். நீ அங்கே கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் படுக்கிறாய். உன்னை யாரடா பிடிப்பார்கள்?

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. கோபித்தாலும் சரி, முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்து கோபித்துக்கொள். இந்த வாரமே போ, அடுத்த வாரம் என்று இழுக்காதே. நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் விடுவதாக இல்லாத
உன் அம்மா