வீட்டோடு மாப்பிள்ளையும் அலுமாரியும்

என் உயிரான மாமா,

ரப்பாகிய இறைவன் உங்கள் கப்ருக்குழியை விசாலமாக்கி வைக்கட்டும். உங்கள் பேத்தி, என் மகள் ஸஹ்ராவுக்குக் கல்யாணம் முடிந்து இன்று ஐந்தாம் நாள். மாப்பிள்ளைக்கு ஊர் மருதமுனை. நம் வழக்கப்படி ஒரு பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இறங்கிவிட்டார்.

வீடியோ எடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவனைப் பிடித்திருந்தோம். நீங்கள் விழுந்து விழுந்து பார்ப்பீர்களே, அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படங்கள், அவனும் அவற்றில் ஊறியவன் போல. நிக்காஹ் முடிந்ததும் பெண்ணைக் காரில் ஏறி அழச் சொன்னான். ஸஹ்ரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க போகச் சொல்றீங்க? இது என்ட ஊடு."

பாவம், கெமராவைத் தூக்கிக்கொண்டு யாரை அழவைப்பதென்று வீடெல்லாம் சுற்றினான்.

அந்தப் படங்களில் நம் ஆட்களைத் தேடி நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? தொப்பியும் தாடியுமாக ஒருவன் வந்தால் நிமிர்ந்து உட்காருவீர்கள். இரண்டு நிமிடத்தில் தாடி கழன்றுவிடும். பார்த்தால், காதலியைச் சந்திக்க மாறுவேடத்தில் வந்த கதாநாயகன். நம்மட ஆளுக்கு ஒரு பொண்ணக் குடுக்க மாட்டானுகள் என்று புலம்புவீர்கள்.

ஆனால் படத்தில் வீட்டோடு மாப்பிள்ளை வந்தால் மட்டும் உங்களுக்குப் புலம்பல் இல்லை. மாமியாருக்குப் பயந்து அலுமாரிக்குள் ஒளிந்து பலகாரம் தின்பவன் அவன். அப்படிப் பார்த்தால் நம் ஊர் கல்முனைக்குடி ஆண்கள் அத்தனை பேரும் சிரிப்பு நடிகர்கள்தான். நீங்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். பக்கத்தில் புது மருமகனாக நான். கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்காக நான் உங்களை மன்னிக்கவே இல்லை மாமா.

இப்போது என் மருமகனோ இங்கே வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கலகலப்பாகட்டும் என்று நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அப்படி ஒரு படத்தைப் போட்டேன். புத்திகெட்ட வேலை. அலுமாரிக் காட்சி வந்ததும் என்னை அறியாமல் பெரிதாகச் சிரித்துவிட்டேன். மருமகன் மெல்ல எழுந்து வாசல் படலையடிக்குப் போய்விட்டார். ஸஹ்ராவின் முகம் செத்துப்போனது. இந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என் மகளின் கதி என்ன? பின்னாலேயே ஓடினேன்.

போட்டிருந்த சேட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உம்மாவின் ஞாபகமாம்.

"அழுங்க மகன்," என்றேன். "நானும் அழுதன், கிணத்தடியில. நான் உங்களப் பாத்துச் சிரிக்கல்ல, என்னப் பாத்துத்தான் சிரிச்சன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த வீடு மாமிக்குச் சீதனமாக வந்தது. நீங்களும் ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்தானே? இத்தனை வருடமும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததாக அல்லவா நினைத்திருந்தேன்.

நீங்கள் எங்கே போய் அழுதீர்கள் மாமா? உங்களுக்குப் பின்னால் யாராவது வந்தார்களா?

மருமகன் உள்ளே வந்து, தானாகவே தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வீட்டுக்கு வருகிற எந்த மாப்பிள்ளையையும், மாமனாரின் சிரிப்பை அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகுதான் விளங்கிக்கொள்ளும்படி விடமாட்டேன்.

இப்படிக்கு,
பக்கத்தில் இருந்தும் உங்களோடு சிரிக்காமல் விட்ட,
உங்கள் மூத்த மருமகன்