ஏழுமலையின் மீசையும் கப்பல் அதிகாரியும்

ஜூலை 7, திங்கள்
வெயில். கேன்டீன் சாம்பார் சாதத்தில் உப்பு இல்லை. மேலாளர் வரதராஜன் சார் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை இங்கிலாந்திலிருந்து ஆடிட்டர் வருகிறார். அவர் தாத்தா இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாம். அந்தத் தாத்தாவைப் பற்றிப் பதினைந்து நிமிட நாடகம் வேண்டும்.

"நீங்கதானே மேடம் பி.ஏ. ஹிஸ்டரி?"

ஆம். அதை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாகக் கம்பெனி பஸ் பட்டியல் போடுகிறேன். நாடகம் நன்றாக வந்தால் பயிற்சிப் பிரிவு எனக்கு என்றார். சொதப்பினால் பஸ்ஸே கதி.

ஜூலை 8, செவ்வாய்
ஆடிட்டர் அனுப்பிய இரண்டு பக்கம் படித்தேன். தாத்தா பதினெட்டு வயதில் சேர்ந்தவர். போர் முழுக்க அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல். ஒரு கப்பல் மூழ்கி ஐந்து நாள் படகில். பிறகு வேறு கப்பல், அதே வேலை. விடிந்ததும் எல்லாக் கப்பலும் கூட வருகிறதா என்று பார்ப்பது. எது மெதுவோ அதன் வேகத்தில்தான் எல்லாம் போகணும்.

இந்த வேலை எனக்குத் தெரியும். என் மெதுவான கப்பல் வாலாஜாபாத் பஸ். எட்டு மணிக்கு கேட் மூடிவிட்டால் அதில் வருகிறவர்களுக்கு அரை நாள் லீவு கழியும்.

கதாநாயகன்: லைன் சூப்பர்வைசர் ஏழுமலை. குரல் சரி, உயரம் சரி. மீசைதான் காதுவரை.

ஜூலை 9, புதன்
மீசைத் தகராறு. கடற்படையில் மீசை மட்டும் வைக்கக் கூடாதாம். தாடியோடு சேர்த்து, அல்லது இரண்டும் இல்லாமல். ஆடிட்டர் அனுப்பிய படத்தில் தாத்தா முகம் மழமழ.

வரதராஜன் சார்: "வர்றவர் ஆடிட்டர், மேடம். படத்துல இல்லாத மீசை மேடையில இருந்தா அதையும் குறைன்னு எழுதிடுவாரு."

ஏழுமலை அப்பாவுக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில்.

"நான் இன்னும் உசுரோட கீறேன்டா. அதுக்குள்ள மீசை எடுக்க இன்னா அவசரம்?"

"நாடகம், நைனா."

"ஊர்ல கருமாதி எப்பன்னு கேப்பான். டீக்கடைல குந்திகினு நான் இன்னா பதில் சொல்றது?"

மீசை இல்லாத வேறு ஆள் தேடினேன். வடநாட்டுப் பையன்களுக்குத் தமிழ் வசனம் வராது. மீதி ஒரே ஒருவர், செக்யூரிட்டி. போன வாரம்தான் அவர் அப்பா காலமானார். கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்
தூறல். ஒத்திகை. ஏழுமலை மீசைமேல் தோல் நிறப் பிளாஸ்திரி ஒட்டினோம். பைக்கிலிருந்து விழுந்தவர் மாதிரி ஆனார். வீர வசனத்தின் நடுவே பிளாஸ்திரி ஒரு பக்கம் பிய்ந்தது. "அம்மா!" என்றார். அது வசனத்தில் இல்லை.

வாங்க: நீலத் துணி, கயிறு, சேஃப்டி பின், உருளைக்கிழங்கு (வீட்டுக்கு).

"நீங்களே அந்த வேஷத்த போட்டுக்கினா இன்னா மேடம்? வசனம் மனப்பாடம். மீசையும் இல்ல" என்றார் ஏழுமலை.

எல்லோரும் சிரித்தார்கள், நானும். பிறகு பாத்ரூம் கண்ணாடியில் தொப்பி வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடத்தில் இந்தக் கம்பெனியில் நான் எதையும் சத்தமாகச் சொன்னதில்லை.

ஜூலை 11, வெள்ளி
போட்டேன். தொப்பிக்குள் கொண்டை. கணவரின் வெள்ளைச் சட்டை. முதல் வசனம் முன்வரிசைக்கே கேட்கவில்லை.

ஏழுமலை சரக்குக் கப்பல் ஆள். அங்கே மீசைக்குத் தடையில்லை. "கடைசிக் கப்பல விட்டுட்டுப் போயிடலாம் சார்!"

"ஒருத்தரையும் விட்டுப் போக மாட்டேன். எல்லோரும் நில்லுங்கள்!"

என் குரலா அது? முன்வரிசையில் வரதராஜன் சார் எழுந்து நின்றுவிட்டார்.

ஆடிட்டர் மேடைக்கு வந்து கை கொடுத்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். ஏழுமலையுடையதைவிடப் பெரிய மீசை. காலையிலிருந்து அவர் கையிலிருந்த பேனாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். கடற்படையை விட்ட அன்றே தாத்தா மீசை வளர்க்க ஆரம்பித்தாராம். சாகும்வரை எடுக்கவில்லையாம். கடைசிக் காட்சியில் அதை வைத்திருக்கலாமே என்றார். சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். வரதராஜன் சார் எட்டிப் பார்த்தார்.

ஜூலை 14, திங்கள்
மறுபடி வெயில். காலையிலேயே மேஜையில் உத்தரவு. பயிற்சிப் பிரிவு எனக்கே. கீழே இன்னொரு வரி: மாற்று ஆள் கிடைக்கும்வரை பஸ் பட்டியலும். இரண்டு தடவை படித்தேன்.

எட்டு அடிக்க ஒரு நிமிடம். கேட்டில் ஏழுமலை, மீசையை முறுக்கி ஒரு சல்யூட்.

"கேப்டன், எல்லா பஸ்ஸும் உள்ள வந்துச்சு. வாலாஜாபாத் பஸ்ஸ மட்டும் காணோம். கேட்ட மூட சொல்லிக்கீறாரு மேனேஜர்."

"மூடாதீங்க" என்றேன். சத்தமாக.