பெரியம்மாவுக்குப் போட்ட மாலை

28-9-78, வியாழன்

இன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா போய் எட்டு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வேண்டுமென்று அப்பா காலையிலிருந்து டிரங்குப் பெட்டியைக் கலைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? போட்டோ பிடித்தால் ஆயுசு கம்மியாகிவிடும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. கேமராவைக் கண்டால் முந்தானையால் மூடிக்கொள்வாள், முடியாவிட்டால் திரும்பிக்கொள்வாள். அப்படியெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்த ஆயுசு முப்பத்தாறு வருஷம். மஞ்சள் காமாலை பதினோரு நாளில் முடித்துவிட்டது.

இதை அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

29-9-78

படம் கிடைத்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் செங்கத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. நான் பார்ப்பதற்குள் அப்பா லாரி ஆபீஸ் போகும் வழியில் தேரடி வீதி ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டார். ஸ்டூடியோ ஜியாவுல்லா பாயுடையது. அவர் மகள் ஜாஹிரா என் வகுப்பு, பிளஸ் ஒன். அம்மாவை மட்டும் தனியாக எடுத்துப் பெரிசு பண்ணி, சட்டம் போட்டு, கருமாதியன்று காலையில் தருவாராம்.

அதில் பதினேழு பேர் இருக்கிறார்களாம், எது அம்மா என்று காட்டினீங்களா என்று கேட்டேன். கட்டம் போட்ட புடவை என்று சொல்லியிருக்கிறாராம். போதாதா என்றார்.

2-10-78

கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி முகம்தான் வருகிறது. மஞ்சளாய், வீங்கி. அதுக்கு முன்னால இருந்த முகம் வரவே மாட்டேங்குது. பதினாறு வருஷம் பாத்த முகம் – பதினோரு நாள்ல எப்படி அழிஞ்சிது? நான் என்ன பொண்ணு?

படம் வந்தால் சரியாகிவிடும். வியாழக்கிழமை வரும்.

5-10-78, கருமாதி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே பிறகு நம்ப மாட்டேன்.

படம் காலை பத்து மணிக்குத்தான் வந்தது. செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி. அதற்குள் படையலுக்கு இலை போட்டாகிவிட்டது, போளூரிலிருந்து செங்கத்திலிருந்தெல்லாம் உறவு வந்து கூடம் நிறைந்துவிட்டது. அப்பாவும் நானும் உள்ளறையில் வைத்துப் பிரித்தோம்.

அம்மா இல்லை. வெள்ளையம்மா பெரியம்மா.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. அம்மாவுக்கும் அவளுக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. பெரியம்மாவின் முட்டைக்கோழி ஒன்று காணாமல் போனது. அதை அம்மா குழம்பு வைத்துவிட்டாள் என்று பெரியம்மா சொன்னாள். அன்றிலிருந்து காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு சுற்று, சாயங்காலம் துணி எடுக்கும்போது ஒரு சுற்று. எங்கள் தெருவில் மணி பார்க்காமலே பொழுது சொல்வார்கள். அந்தப் பெரியம்மா பெரிய பொட்டோடு எங்கள் வீட்டுச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். சட்டம் நல்ல சட்டம்.

"அப்பா, இது பெரியம்மா."

"தெரியுது."

"இப்ப என்ன பண்றது?"

வெளியே சித்தப்பா, படம் எங்கே என்று குரல் கொடுத்தார். "மாலையைப் பெருசாப் போடு" என்றார் அப்பா.

போட்டேன். சம்பங்கி மாலையை இரண்டு மடிப்பாக மடித்துக் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். பொட்டும் கண்ணும்தான் தெரிந்தது. மாட்டினோம். போளூர் அத்தை முன்னால் வந்து நின்று, அதே கண்ணு, கன்னியம்மா என்னையே பாக்கறாளே என்று அழுதாள். அதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். எனக்குத் தலை நிமிரவே முடியவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

பெரியம்மா காலையிலிருந்து பின்பக்கம் வடை தட்டிக்கொண்டிருந்தாள். சண்டை சண்டைதான், ஆனால் கருமாதி வேலைக்கு ஓரகத்தி வராமல் இருக்க முடியாது. கற்பூரம் காட்டும்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். கிட்டே போனாள். மாலையை ஒரு விரலால் ஒதுக்கினாள்.



"ஏம்பா முருகையா, நான் இன்னும் சாவலயே" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, சிரிப்பு வந்தது. அம்மா போனதிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்து, இருமி, அப்படியே உட்கார்ந்து அழுதார். பெரியப்பா, உயிரோட இருக்கறவளுக்கு மாலையா, கழட்டுங்கடா என்று குதித்தார். பெரியம்மாதான் அடக்கினாள்.

"படையல் ஆறிப் போவுது. மொதல்ல கும்புடுங்க, அப்புறம் எறக்கிக்கலாம்."

சொல்லிவிட்டு அவளே முதலில் தன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

எல்லோரும் போன பிறகு கழற்றிவிட்டோம். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. எங்கம்மா எங்கே?

6-10-78

ஸ்டூடியோவுக்குப் போனேன். ஆசிரமத்து வெள்ளைக்காரர் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்து கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். பாய் அவரைக் கண் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அரை மணி காத்திருந்தேன்.

பாய் மேல் தப்பில்லை. அந்தக் கல்யாணத்தில் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டம் போட்ட புடவைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி நேராகப் பார்க்கிறாள். இன்னொருத்தி திரும்பிக்கொண்டிருக்கிறாள்: ஒரு காது, ஒரு ஜிமிக்கி, அரைக் கன்னம். முகம் இருக்கிற பொம்பளையைத்தானேம்மா எடுக்க முடியும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜாஹிரா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து, மன்னிச்சுக்கோ வேதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் போய்ச் சிரித்திருப்பேன்.

பாய் ஒரு வழி சொன்னார். உடம்பு, புடவை எல்லாம் இருக்கிறது. முகத்தை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு, மையிலும் பென்சிலிலும் அம்மா முகத்தைப் போட்டுவிடலாம். யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

8-10-78, ஞாயிறு

அவ்வளவுதானா!

அப்பாவும் நானும் போனோம். பாய் பென்சிலோடு உட்கார்ந்து, கண் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்பா யோசித்து, "கண்ணு... கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்றார். மூக்கு? அளவாக இருக்குமாம். புருவம் சேர்ந்திருக்குமா பிரிந்திருக்குமா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவர் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்த மஞ்சள் முகம்.

பாய் தாளில் போட்டுக் காட்டியது சினிமா போஸ்டரில் வரும் பொம்பளை போல இருந்தது. அப்பா நல்லா இருக்கு என்றார். பாய் மனசு நோகக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னார். தெருவுக்கு வந்ததும், அவ மூஞ்சிய நான் சரியாவே பாக்கல போல என்றார்.

13-10-78

இனிமேல் அம்மா முகம் கிடைக்காது என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. வேறென்ன எழுதுவது.

19-10-78

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். கெமிஸ்ட்ரி ஒன்றும் புரியவில்லை. அது முன்பும் புரிந்ததில்லை.

22-10-78, ஞாயிறு

வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அவள் வாசலிலிருந்து, "படம் என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன். துடைப்பத்தைச் சாத்தி வைத்தாள்.

"கெளம்பு. அந்த பாய்கிட்ட இஸ்துகினு போ என்னை."

"உங்களுக்கு அம்மா முகம் ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

"எட்டு வருசம் அந்த மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துக்கினுதானடி சண்ட போட்டேன்."

போனோம். பெரியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு பாய் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாய் முதலில் படத்திலிருந்த அவள் முகத்தையே பிளேடால் சுரண்டி எடுத்தார். ம், சொரண்டு என்றாள். பிறகு ஆரம்பித்தாள். எடது புருவத்துல சின்னதா ஒரு வெட்டு, முடி மொளைக்காது. மூக்குத்தி வலப்பக்கம். கீழுதடு மேலுதட்டை விடக் கொஞ்சம் ஜாஸ்தி. கோவம் வந்தா மூக்கு ஓட்டை பெருசாவும், தாடை இப்படி முன்னால வரும். அவளே செய்து காட்டினாள். அந்தத் தாடை! அதை நான் எப்படி மறந்தேன்?

நடுவில் பாய் மை கலக்கும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தக் கோழிய உங்கம்மா எடுக்கல. எங்க வூட்டு ஆளுதான் வித்துட்டு வந்திருக்குது. ஆறு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

பிறகு ஏன் சண்டை போட்டீங்க என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். காலைல எழுந்தா அவ மொறைப்பா. எனக்கும் கோவம் வந்துடும்." மூக்கைச் சிந்தினாள். "ஆஸ்பத்திரிக்கு வரணும்னுதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்டி. திரும்பிட்டேன்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. எட்டு வருஷம்! அம்மா சாகும்வரை கோழித் திருடியாகவே இருந்தாள். ஆனால் கோபப்பட்டால் எழுந்து போய்விடுவாளோ, படம் பாதியில் நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவள் அழுவதைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

29-10-78

தீபாவளி வாரம். தெருவெல்லாம் வெடி. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை.

படம் முடிந்துவிட்டது. அப்பாவும் வந்தார். பாய் துணியை எடுத்தார். அம்மா முறைத்தாள். புருவ வெட்டு, உதடு, தாடை, எல்லாம் அம்மா. கோபமாக இருக்கிற அம்மா. அந்த மஞ்சள் முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாய்க்கு மட்டும் திருப்தியில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிற படம், உதட்டை லேசாகத் திருத்தி ஒரு சிரிப்பு வைக்கட்டுமா என்றார்.

"என்னைப் பாத்து அவ சிரிச்சதில்ல. எனக்குத் தெரியாததை நீ எப்படிப் போடுவ? இப்படியே வுடு" என்றாள் பெரியம்மா.

அப்பா படத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். மை இன்னும் காயவில்லை, மூக்கு அழிந்துவிடும், தள்ளிப் பிடிங்க என்று பாய் பதறினார். இதுதான் அவ, இதுதான் அவ என்று அப்பா தேரடி வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

26-11-78, ஞாயிறு

கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் இப்போதே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு லாரி ஆபீசில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

மத்தியானம் ரேடியோ கேட்டுக்கொண்டே படித்ததில் சோறு அடிபிடித்துவிட்டது. பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால் சுவரிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை எதுக்கு மொறைக்கற என்றேன். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. வடிக்கறது எப்படின்னு ஒரு நாளாவது நிக்க வெச்சுக் காட்டினியா, நீ பாட்டுக்குப் போயிட்ட, அப்பா இளைச்சுப் போயிட்டாரு, எனக்குக் கெமிஸ்ட்ரி வேற, எல்லாத்தையும் நானே பாக்கணுமா, எதுக்கும்மா இவ்ளோ சீக்கிரம் போன? கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா தாடையை இறக்கவேயில்லை.

அப்பா சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. வாசலிலிருந்தே, "யாரோட சண்டை?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவோட" என்றேன்.

"சரி சரி. நான் இங்கயே நிக்கறேன். முடிஞ்சதும் கூப்புடு."