தஞ்சோங் டாவாயில் ஒரு சாட்சி

7 அக்டோபர் 2024, திங்கள்

பதிவு இலாகாவில் நாலு மணி நேரம். தங்கை லோகேஸ்வரிக்குப் பத்தொன்பது வயது. பிறப்புப் பத்திரம் இல்லை, ஐ.சி. என்கிற அடையாளக் கார்டும் இல்லை. கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேட்டைக்கூட அவளால் தாண்ட முடியாது. பிரசவம் பார்த்தவரை நேரில் கூட்டி வரவேண்டுமாம், அடுத்த வாரம் வியாழன் கடைசி. இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். நாய்க்குக்கூடப் பத்திரம் கொடுக்கிற ஊர் இது.

8 அக்டோபர்

அப்போதே ஏன் பதியவில்லை? அப்பாவிடம் மறுபடி கேட்டேன்.

"முப்பது நாள் கழியாம, பேரு வைக்காத புள்ளைய எப்படிம்மா எழுதறது?"

பேர் வைத்த பிறகு போயிருக்கிறார். கெடு தாண்டிவிட்டதென்று கவுண்டரில் கத்தியிருக்கிறார்கள். பயந்து திரும்பியவர் அதற்குப் பிறகு போகவே இல்லை. யாரைத் திட்டுவது — கத்தியவனையா, பயந்தவரையா?

10 அக்டோபர்

லோகேஸ்வரி பிறந்த சிடாம் கிரி தோட்டத்தில் பிரசவம் பார்த்த மலாய்க்காரப் பாட்டி, ரொம்லா மாக்சிக், உயிரோடுதான் இருக்கிறார். தஞ்சோங் டாவாயில், மீன் பிடிக்கும் மகனோடு.

12 அக்டோபர், சனி

காலையிலிருந்து விடாத மழை. கடலும் ஏறியிருந்தது, குடியிருப்புப் பாதையில் கெண்டைக்கால் வரை தண்ணீர். காரை மேட்டில் நிறுத்திவிட்டு நானும் லோகேஸ்வரியும் நடந்தோம்.

மகன் கதவைப் பாதிதான் திறந்தான். அம்மாவுக்குப் பிரசவம் பார்க்க லைசென்ஸ் கிடையாது, கையெழுத்துப் போட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மலாயில் சொன்னான். உள்ளேயிருந்து தோட்டத்துத் தமிழில் மாக்சிக்கின் குரல், எங்கள் அம்மா பேரைச் சொல்லி: "யாரு? பிரேமாவதி மவளா?"

நான் பொறுத்திருக்கலாம். கத்திவிட்டேன். உன் பயத்துக்காக என் தங்கச்சி காலம் பூரா ஆளே இல்லாமல் கிடக்கணுமா என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

காரில் லோகேஸ்வரி சொன்னாள்: "நீ கத்துனா யாருக்கா வருவா? என் விஷயம் எல்லாத்தையும் நீயே பேசுற. நான் ஒருத்தி நிக்கிறேன்லா!" குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

முக்கால் மணி நேரம். கருவாட்டு நாற்றத்தோடு திரும்பி வந்தாள்.

"என்ன பேசுன?"

"பேசல. வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. கருவாட்டு மூட்டைய மேல ஏத்துனோம்."

"வர்றாங்களா?"

"கேக்கலக்கா. அவங்களுக்குத் தெரியும்தானே."

கேட்கவில்லையாம்! எனக்குத் தலை வெடித்தது.

15 அக்டோபர்

மாக்சிக் வீட்டிலிருந்து போன் வரவில்லை.

17 அக்டோபர், வியாழன்

பதினொன்றரைக்கு மாக்சிக் மகனின் லாரியில் இலாகா வாசலில் வந்து இறங்கினார். அதிகாரி லைசென்ஸைப் பற்றிக் கேட்டே விட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். மாக்சிக் மலாயில் சொன்னார்: "புள்ள பாதி வந்துடுச்சு. லைசென்ஸ் எடுத்துட்டு வர்றேன், இருன்னா நிக்குமா?"

சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

2 ஜூலை 2025

லோகேஸ்வரி வேலை விண்ணப்பப் பாரம் நிரப்பினாள். உதவலாமென்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐ.சி. எண்ணின் பன்னிரண்டு இலக்கத்தையும் கார்டைப் பார்க்காமலே எழுதினாள்.

"தள்ளுக்கா, வெளிச்சத்த மறைக்கிற."