மூன்றாவது விநாடிக் கண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

சாம்ராஜ்யத்தின் நிலவரம்: பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில் ஒரு டோனட் கடைக்கு மேலே இரண்டு அறைகள், நான்கு வீரர்கள், மூக்கால் அழும் ஒரு ஹீட்டர். எதிரிப் படை: பூமியிலுள்ள அத்தனை கைப்பேசிகளும். விளம்பரக்காரர்களிடமிருந்தும் சமூக ஊடகங்களிடமிருந்தும் குழந்தைகளைக் காப்பது எங்கள் தொழில். நான் இங்கே வந்து சேர்ந்தது இந்த நூற்றாண்டின் மாபெரும் கட்சித் தாவல். முப்பத்தொரு வருடம் விளம்பரம் எழுதியவன். சர்க்கரையில் முக்கியெடுத்த காலை உணவு ஒன்றுக்கு நான் பெற்றெடுத்த கார்ட்டூன் அணிலைப் பார்த்து ஆறு மாநிலத்துக் குழந்தைகள் கடைத்தரையில் விழுந்து புரண்டன.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் துரத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் மசோதா, 20ஆம் தேதி பாஸ்டனில் சட்டமன்றக் குழு முன் வருகிறது. எங்கள் மனுவில் 412 கையெழுத்து. அதில் நாற்பது பேர் என் சொந்தக்காரர்கள் என்பதைத் தலைவி ஒடெட் மோப்பம் பிடித்துவிட்டாள். வயது முப்பத்து நாலுதான், பார்வை மட்டும் சுங்க அதிகாரியுடையது.

மார்ச் 6, வியாழன்

அக்கா ரோஸ்மேரி வீடு. அவள் மகள் டெஸ்ஸா, பன்னிரண்டு வயது, சமையலறை மேசையில் உட்கார்ந்து என் கேமராவிடம் பேசினாள். குழந்தைகள் நேரில் வராமல் இப்படிப் பதிவு செய்து சட்டமன்றக் குழுவுக்கு அனுப்பலாம்.

போன நவம்பரில் தோழிக்கு ஒரு வரி எழுதினாளாம்: என் முகம் ரொம்ப உருண்டையா இருக்கோ? அன்று மாலையிலிருந்து அவள் கைப்பேசியில் விளம்பரங்கள்: முகத்தை ஒல்லியாக்கும் உருளை, முகத்தை ஒல்லியாக்கும் பட்டை, முகத்தை ஒல்லியாக்கும் தேநீர். நாலு மாதமாக விடவில்லை.

"நான் அவங்ககிட்ட கேக்கவே இல்லையே மாமா."

அப்போது ஒரு துளி. ஒரே ஒரு துளி.

"அந்தக் குழுவுல இருக்கறவங்க மட்டும்தானே பாப்பாங்க?"

"ஒன்பது பேர். அதுல ஆறு பேர் தூங்கிடுவாங்க."

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியக் கூடாது."

"என் மீசை மேல சத்தியம்."

எனக்கு மீசை கிடையாது. சிரித்துவிட்டாள்.

எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, குழுவுக்கு மட்டும். இன்னொன்று, எல்லோருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும், கட்டத்தில் குறியிட வேண்டியது அந்தக் குழந்தைதான். ஒடெட்டின் சட்டம். டெஸ்ஸா முதல் கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் குறியிட்டாள்.

மார்ச் 8, சனி

கையெழுத்து 431. எங்கள் வேகத்தைப் பார்த்தால் ஆமைகூடக் கொட்டாவி விடும்.

மார்ச் 9, ஞாயிறு

டெஸ்ஸா பேசிய ஆறு நிமிடத்தை இருபத்திரண்டு விநாடியாக வெட்டினேன். சும்மா, கை மறந்துவிடக் கூடாதே என்று. கண்ணீர் கடைசியில் வந்தால் அதுவரை எவனும் இருக்கமாட்டான்; மூன்றாவது விநாடியில் வர வேண்டும். வந்தது.

நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

இரண்டாவது கட்டத்தில் நானே குறியிட்டேன். அதே நீல மை.

கோடிக் குழந்தைகளுக்காகத்தானே? அதிலே டெஸ்ஸாவும் ஒருத்திதானே? — யாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்?

ஒடெட் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாருக்கும் காட்டலாம்னு அந்தப் பொண்ணே சொன்னாளா?"

"துள்ளிக் குதிச்சுச் சொன்னா."

பதினோரு மணிக்கு அந்த இருபத்திரண்டு விநாடியை வெளியிட்டோம். நாங்கள் எந்தத் தளங்களை எதிர்த்துப் போராடுகிறோமோ, அதே தளங்களில்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். மதியம் பதினொரு லட்சம். கையெழுத்து 38,000! ஒடெட் நாற்காலி மேல் ஏறி ஆடினாள். கீழேயிருந்து டோனட்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். நெப்போலியனுக்குக்கூட இப்படியொரு செவ்வாய் வாய்த்திருக்காது.

மாலையில் நானும் ஒருமுறை திறந்து பார்த்தேன். டெஸ்ஸாவின் முகத்துக்கு நேர் கீழே ஒரு விளம்பரம். முகத்தை ஒல்லியாக்கும் உருளை.

மார்ச் 12, புதன்

அக்கா போன்.

"டேய் பெர்னி, என்னடா பண்ணி வச்சிருக்க?"

"அக்கா, அது வந்து..."

"அவ அழற மூஞ்சிய வெட்டி ஸ்டிக்கராக்கி வகுப்பு முழுக்க அனுப்பிக்கிட்டிருக்காங்க. கணக்கு கஷ்டமா இருந்தா அவ மூஞ்சி. மத்தியானம் பீட்சா தீந்துபோச்சுன்னா அவ மூஞ்சி. பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டா. மூணு மணி நேரமா கதவுக்கு வெளியில உக்காந்திருக்கேன்டா."

வாயைத் திறந்தேன்.

"ஜோக் அடிச்சே, இப்பவே வச்சிருவேன்."

மூடிக்கொண்டேன். அவளே வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

ஒடெட்டிடம் சொல்லிவிட்டேன். மீசை, கட்டம், நீல மை, எல்லாம். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"மொதல்ல எடுங்க அதை."

எடுத்தோம். எங்களுடையது போயிற்று. ஊரான் கையில் இருக்கும் நகல்கள்? இருநூற்று நாற்பது வரை எண்ணி நிறுத்திவிட்டேன். நீக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதினேன். நாலு நிமிடத்தில் பதில்: 'இது எங்கள் விதிகளை மீறவில்லை.' வேறொருவர் கேட்டிருந்தால் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு போரே நடத்தியிருப்பேன்.

கையெழுத்து 61,000. ஒடெட் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்ன செய்யறது, பெர்னி? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பதில் தெரியுமே."

மார்ச் 14, வெள்ளி

சமூக ஊடக நிறுவனங்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசும் வக்கீல் கூப்பிட்டார். பிராட்லி என்று பெயர். குரலில் வெண்ணெய்.

"மூணாவது விநாடி! பழைய கை பழைய கைதான் சார். வீட்டுல பொண்ணு சௌக்கியமா? ஏதோ மனஸ்தாபம்னு காதுல விழுந்துச்சு."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"எங்களுக்கு என்ன சார் வேணும்? 20ஆம் தேதி உங்க ஆளுங்க பேச வரலேன்னா, நாங்களும் குழந்தைய அழவச்சுக் கையெழுத்து வாங்கின கதையைப் பேச மாட்டோம். அவ்வளவுதான்."

போகாவிட்டால் மசோதா செத்தது. போனால் டெஸ்ஸாவின் முகம் மறுபடியும் சந்திக்கு வரும். இரண்டுக்கும் சாவி நான் போட்ட ஒரு குறி.

மார்ச் 15, சனி

சாப்பிடவில்லை. வரலாற்றில் முதல் முறை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா கதவைத் திறந்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். டெஸ்ஸாவின் அறை சாத்தியிருந்தது. வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, உனக்கு மீசை இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன்."

முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டேன்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"ஆமா. தப்பு பண்ணிட்டேன். அந்தக் கட்டத்துல நான்தான் குறி போட்டேன்."

"தெரியும். அம்மா சொன்னாங்க."

பிராட்லி சொன்னதைச் சொன்னேன். போகவா, வேண்டாமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றால் போகமாட்டோம், ஒடெட்டும் சம்மதித்துவிட்டாள் என்றேன்.

"என் பேர் வரக் கூடாது. மூஞ்சி வரக் கூடாது. அழுதேன்னுகூடச் சொல்லக் கூடாது. நீ என்ன பண்ணேன்னு சொல்லு. அது உன்னோடது."

"சரி."

"எழுதிக் குடு. உன் வாய நம்ப முடியாது."

குழு முன் பேசப்போவதை அங்கேயே எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். அரை மணி கழித்துத் திரும்பி வந்தது. 'ஒன்றும் அறியாத அந்தப் பிஞ்சு' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு ஆள்' என்று எழுதியிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

சாட்சிக்கு மூன்று நிமிடம். மேசையில் நேரம் காட்டும் ஒரு விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு.

பச்சையில் என் தொழிலைச் சொன்னேன். ஒரு ஆள் எனக்குக் கொடுத்த அனுமதியை நான் எப்படித் திருத்தினேன் என்றும், ஆறு நிமிடத்தில் எந்த விநாடியை எங்கே நகர்த்தினேன், ஏன் நகர்த்தினேன் என்றும் சொன்னேன். மஞ்சளில், தளம் அதை எவ்வளவு ஆசையாக வாங்கி, கீழே எந்தக் கடையைப் பரப்பியது என்று. "நல்லவங்க பக்கம் இருக்கற நானே ஒரு மணி நேரத்துல இதைச் செய்ய முடிஞ்சுது. தடுக்க ஒரு சட்டமும் இல்ல." சிவப்பு. நிறுத்தினேன். என் வாழ்நாளில் நான் மிகைப்படுத்தாத மூன்று நிமிடம்.

யாரைப் பற்றி என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

குழுத் தலைவரான அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆள் வேண்டாம்னா எல்லா நகலையும் எடுத்தாகணும்னு இந்த மசோதாவுல இருக்கா?"

"இல்லைங்கம்மா."

"சேத்தா உங்க அமைப்பையும் கட்டுப்படுத்துமே?"

"மொதல்ல எங்களைத்தான் கட்டுப்படுத்தணும்."

அடுத்து பிராட்லி. கையிலிருந்த தாளை மடித்து உள்பையில் வைத்துவிட்டு, தொழில் வளர்ச்சி பற்றி நாற்பது விநாடி பேசினார்.

மார்ச் 21, வெள்ளி

அந்த இருபத்திரண்டு விநாடியால் வந்த கையெழுத்து அத்தனையையும் ஒடெட் நீக்கிவிட்டாள். மனு மறுபடி 431லிருந்து.

பிறகு கையை நீட்டினாள். அலுவலகச் சாவியைக் கொடுத்தேன்.

"நேத்து நல்லாப் பேசினீங்க. ஆனா நாளைக்கு இன்னொரு குழந்தை படிவத்துல குறி போட வரும், பெர்னி."

சரிதான். சாம்ராஜ்யத்தில் இனி மூவர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நகல்களை எடுக்கச் சொல்லும் புதிய பிரிவோடு மசோதா குழுவைத் தாண்டியது. இன்னும் இரண்டு அவைகள் பாக்கி. ஸ்டிக்கர் இன்னும் சுற்றுகிறது, குறைந்திருக்கிறது என்கிறாள் அக்கா.

மே 17, சனி

டெஸ்ஸாவின் சாஃப்ட்பால் ஆட்டம், பேஸ்பாலுக்குத் தங்கை. அக்காதான் கூப்பிட்டாள். டெஸ்ஸா கூப்பிடவில்லையாம், வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம்.

கம்பி வேலி நெடுக அப்பா அம்மாக்கள், ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. டெஸ்ஸா மட்டையோடு வந்தாள். வேலிப்பக்கம் திரும்பினாள். என் முகத்தை அல்ல, கைகளைப் பார்த்தாள்.

இரண்டு கையிலும் எலுமிச்சைச் சாற்றுக் குவளைகள்.

திரும்பிக்கொண்டாள். மட்டையைச் சுழற்றினாள். மரங்களுக்கு மேலே பறந்தது பந்து!

ஆட்டம் முடிந்து வேலியோரம் வந்தாள். மூக்கெல்லாம் புழுதி.

"பாத்தியா?"

"பாத்தேனாவது! பந்து கனடாவுல போய் விழுந்துச்சாம். அந்த ஊர் ராணுவம் இப்ப விசாரிச்சிக்கிட்டிருக்கு."

"அது கோட்டுக்கு வெளிய போன பந்து, மாமா. செல்லாது."

இரண்டு குவளைகளையும் அளந்து பார்த்து, அதிகமாக இருந்ததை எடுத்துக்கொண்டாள்.